ஐயனார் கோயில் காட்டில் சீமைக்கருவேலம்: மொத்தமாக எடுத்துவிட்டு நடலாமா?

கடைமடைப்பையன்:

வணக்கம். எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு மேற்கே, கரியாப்பட்டினம் பக்கம். ஊர் எல்லையில் ஐயனார் கோயிலைச் சுற்றி எட்டு ஏக்கர் காடு. பேர்தான் காடு, இப்போது முக்கால்வாசி சீமைக்கருவேலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கோயிலுக்குப் பின்னால் நின்ற பெரிய பாலா மரங்கள் சாய்ந்தன. அந்த இடைவெளியில் எல்லாம் முள் ஏறிவிட்டது. சாமி கும்பிடப் போகிற பாதைகூட வருடா வருடம் வெட்டினால்தான் உண்டு.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனி, ஜேசிபி வாடகையும் ஐயாயிரம் கன்றும் தருகிறோம் என்கிறது. மகாகனி, நீர்மருது, புங்கன், வேம்பு. ஆடிக்குள் நட்டு முடித்துப் படம் அனுப்ப வேண்டுமாம். எங்கள் இளைஞர் மன்றத்தில் பாதிப் பேர் உடனே சரி சொல்லலாம் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பக்கம் இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பாலாக்கொட்டை:

தம்பி, நான் வேதாரண்யம் பக்கம் சப்போட்டா ஒட்டுக்கன்று போடுகிறவன். எங்கள் ஊர்க் கோயில் காட்டிலும் கஜாவுக்குப் பிறகு இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஜேசிபியை உள்ளே விடாதீர்கள்.

முதலில் அரிவாளோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் குனிந்து போய்ப் பாருங்கள். முள் ரொம்ப அடர்ந்த இடத்தில் தரை மொட்டையாகத்தான் இருக்கும். ஓரங்களில்தான் விஷயம். எங்களுக்கு அங்கே விரல் தடிமனில் குருந்து, காரை, நுணா, சங்கஞ்செடி எல்லாம் கிடைத்தது. யாரும் நட்டதில்லை. மைனாவும் சின்னானும் கருவேலத்தின் மேல் உட்கார்ந்து எச்சத்தில் போட்டவை. சுற்றி முள் இருந்ததால்தான் ஆடு வாய் வைக்கவில்லை. சாய்ந்த பாலாவையும் செத்தது என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் காட்டில் விழுந்த மரங்களில் பல, வேர் ஒரு பக்கம் மண்ணில் பிடித்திருந்ததால் அடிக்கட்டையில் தளிர்த்தன. அந்தத் தளிருக்குக் கீழே இருப்பது பாட்டன் காலத்து வேர். புதுக்கன்று அதை எட்டிப் பிடிக்க ஒரு தலைமுறை ஆகும். ஜேசிபிக்காரர் கருவேலத்தோடு இதையும் சேர்த்து அள்ளிப்போடுவார். அவருக்கு மணிக்கணக்கு வாடகை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்புறம் விதை. ஆடு மாடு கருவேல நெற்றைத் தின்று புழுக்கையிலும் சாணியிலும் போட்ட விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கும். மொத்த மண்ணையும் புரட்டிப் போட்டால் ஐப்பசி மழைக்குக் கீரைப்பாத்தி மாதிரி முளைத்து நிற்கும். தரைக்கு மேலே வெட்டினாலும் பிரயோசனம் இல்லை, ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் தழையும். தூரைச் சுற்றி ஒரு முழம் தோண்டி, தண்டும் வேரும் சேருகிற அடிக்கழுத்தோடு எடுக்க வேண்டும். அதனால் நாங்கள் துண்டு துண்டாகப் போனோம். ஒவ்வொரு நாட்டுச் செடியைச் சுற்றியும் ஒரு வட்டம் திறப்பது, மிச்ச முள்ளை வேலியாக அப்படியே விடுவது, செடி ஆள் உயரம் வந்ததும் அடுத்த வட்டம். கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கும்போது கருவேல நாற்று கையாலேயே வந்துவிடும், முள்ளும் முற்றியிருக்காது. அதை ஒரு வருடம் விட்டால் பிறகு கடப்பாரைதான்.

கன்றுப் பட்டியலைப் பற்றி. நீர்மருது காவிரிக்கரை மரம். திருவையாற்றுப் படுகையில் பாருங்கள், எப்படி நிற்கிறது! உங்கள் மணலில் நட்டால் சித்திரை தாண்டாது. மகாகனி அமெரிக்கக் கண்டத்து மரம், ஐயனார் காட்டில் அதற்கு என்ன வேலை? வேம்பும் புங்கனும் தானாக வரும். நமக்கு வேண்டியது பாலா, வீரை, காயா, குருந்து, களா, நாவல், உகா. இதெல்லாம் நம் கடற்கரைக் காட்டுச் சாதி. இலை உதிர்க்காது, வறட்சி தாங்கும். ஆனால் மெதுவாகத்தான் வளரும், கம்பெனிக்கு அனுப்பப் படம் நன்றாக வராது.

பாலாக் கன்றுக்கு அலைய வேண்டாம். சப்போட்டாக் கிளையை ஒட்டுக் கட்டுகிற வேர்ச்செடியே பாலாதான். ஒட்டுப் போடும் நர்சரிகளில் கேளுங்கள். ஒட்டுக் கட்டாத கன்று என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள், இல்லையென்றால் ஐயனாருக்குச் சப்போட்டாத் தோப்பு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்கள் காட்டிலேயே காய்க்கிற மரம் மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. பழம் தின்ற கொட்டையைக் கழுவி உடனே பையில் ஊன்றுங்கள், நாள்பட வைத்தால் முளைப்பு குறையும். கோடியக்கரை சரணாலயத்துக்குள் போய் அனுமதியில்லாமல் பொறுக்கிவிடாதீர்கள்.

ஆடியில் நடுவது காவிரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற ஊருக்குச் சரி. நமக்கு மழை ஐப்பசியில்தான். அதுவரை போர்வெல்லில் இறைத்தால் உப்பு ஏறும்.

அலையாத்தி:

முத்துப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் காடு வேறு வகை, ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அலையாத்திக் காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் பள்ளமாகி, ஏற்றத்தில் வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி உப்புப் பூத்துவிட்டது. அதில் எதை நட்டாலும் கருகியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்குழுக்களும் சேர்ந்து நடுவாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. மீன்முள் வாய்க்கால் என்போம். ஏற்றத்தில் நீர் உள்ளே வரும், வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். வாய்க்கால் தூர்ந்தால் திரும்ப வெட்ட வேண்டும், அந்த வேலைக்கு முடிவே இல்லை.

உங்கள் காட்டிலும் மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வடிகிறது என்று ஒரு ஐப்பசி முழுக்கப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள்.

புல்வெளி:

பாலாக்கொட்டை ஐயா சொல்வது சின்னக் கோயில் காட்டுக்குச் சரி. எல்லா இடத்துக்கும் அதுவே வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடியக்கரை 1967ல் சரணாலயமானது, முக்கியமாக வெளிமானுக்காக. வெளிமானுக்கு வேண்டியது புல்வெளி. புல்லுக்குள் ஏறுகிற கருவேலத்தை வட்டம் வட்டமாக எடுத்துக்கொண்டிருந்தால் அது நம்மை முந்திவிடும், அங்கே ஒன்றுவிடாமல் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த இடத்தில் மரம் நடவும் கூடாது. தம்பி, உங்கள் எட்டு ஏக்கரில் புல் தரை ஏதாவது இருந்தால் அதைக் காலி இடம் என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள்.

கடைமடைப்பையன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாமாவோடு உள்ளே போய்ப் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் கட்டைகளில் நிஜமாகவே தளிர் இருக்கிறது, ஆடு மேய்ந்து மேய்ந்து முழங்கால் உயரத்தில் குட்டையாக நிற்கிறது. வடக்கு ஓரத்தில் குருந்து ஏராளம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம்.

இரண்டு சந்தேகம். ஆடு வைத்திருப்பவர்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள்தான், அவர்களிடம் எப்படிப் பேசுவது? கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது?

பாலாக்கொட்டை:

எங்கள் ஊரில் ஆட்டுக்காரர்களைத்தான் முதலில் கூப்பிட்டு உட்கார வைத்தோம். காட்டை நான்காகப் பிரித்து, ஒரு பாகத்தை மட்டும் அடைத்தோம். மிச்சத்தில் மேய்ச்சல் வழக்கம்போல. வெட்டிய கருவேல முள்ளே அந்தப் பாகத்துக்கு வேலி. தடியான கட்டையைக் கரி மூட்டத்துக்கு விற்ற காசில் தோண்டு கூலி கொடுத்தோம், அந்தக் கூலிக்கு வந்தவர்களிலும் பாதி ஆட்டுக்கார வீட்டு ஆட்கள்தான். ஆனால் அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் யாருடையது என்று காட்டும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். புறம்போக்கா, அறநிலையத்துறைக் கோயில் நிலமா என்று தெரிந்துகொண்டு, ஊராட்சித் தீர்மானமும் அனுமதியும் கையில் வைத்துக்கொண்டு கட்டையை விற்றால் வம்பில்லை.

கம்பெனியிடம் கன்று வேண்டாம், மூன்று வருடம் கார்த்திகையில் நாற்றுப் பிடுங்கக் கூலி கொடுங்கள் என்று கேளுங்கள். இழுப்பார்கள். பாதையோரம் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள்.