ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்ட நிரலகத்துக்கு வணிக உரிமமும் வழங்கலாமா? பங்களித்தவர்களிடம் எதுவும் எழுதி வாங்கவில்லை

வெள்ளவத்தை நிரலாளர் (கேள்வி)

வணக்கம். நானும் என் நண்பரும் வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறையில் இருந்து கடைகளுக்கான மென்பொருள் எழுதி வருகிறோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பற்றுச்சீட்டு அச்சிடும் நிரலகம் (மற்ற மென்பொருள்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிட்டோம். காசாளர் மேசையில் இருக்கும் 58, 80 மில்லிமீற்றர் தாள் அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ், சிங்கள எழுத்துகளே இல்லை. இருப்பவற்றிலும் "கொ" என்று அனுப்பினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. எங்கள் நிரலகம் வரியை முறையாகக் கோத்து, படமாக மாற்றி அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. மருந்தகங்களிலும் புத்தகக் கடைகளிலும் இது நன்றாக ஓடுகிறது.

இப்போது கொழும்பில் விற்பனை முனைய மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று, தன் மூல நிரலை வெளியிடாமலே எங்கள் நிரலகத்தைத் தன் பொதிக்குள் சேர்த்து விற்க விரும்புகிறது. காசாளர் மேசை ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் தரவும் சம்மதிக்கிறது. ஆனால் அவர்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவில், நிரல் முழுவதன் உரிமையும் எங்களிடமே இருப்பதாக நாங்கள் உறுதி கூற வேண்டும் என்று ஒரு வாசகம் உள்ளது. அந்த இடத்தில் கையெழுத்திட எனக்குத் துணிவு வரவில்லை.

காரணம் இதுதான். எங்கள் இருவரையும் தவிர வேறு மூவரும் இதில் எழுதியிருக்கிறார்கள். பேராதனையில் படிக்கும் மாணவி ஒருவர் சிங்களக் கூட்டெழுத்துகளைச் சரிசெய்தார். ரொறொன்ரோவில் வசிக்கும் ஒருவர் கடையில் கைபேசியால் பணம் செலுத்த உதவும் லங்கா கியூஆர் குறியீட்டை அச்சிடும் பகுதியை எழுதினார். கொழும்பிலேயே வேறொரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர், அச்சுப்பொறிக்குக் கட்டளைகளை அனுப்பும் பகுதியை எழுதித் தந்தார். எவரிடமும் நாங்கள் எதுவும் எழுதி வாங்கவில்லை. வெளியில் இருந்து பயன்படுத்துபவை எழுத்துகளை வரையும் ஃப்ரீடைப், அவற்றை முறையாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ், கியூஆர் குறியீட்டை ஆக்கும் லிப்கியூஆர்என்கோட், பிடிஎஃப்பைப் படமாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகியவையும் நோட்டோ எழுத்துருக்களும் ஆகும். நாங்கள் கையெழுத்திடலாமா? இல்லையென்றால் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

தெகிவளை வாசகர்

ஜிபிஎல் பணம் வாங்குவதைத் தடுக்கவில்லை. தொடங்கியவர் நீங்கள், பெயரும் களஞ்சியமும் உங்களுடையவை. மற்றவர்கள் விரும்பித்தானே தந்தார்கள்? தாராளமாக விற்கலாம் என்பது என் கருத்து.

பம்பலப்பிட்டி அன்பர்

தெகிவளை நண்பர் சொன்னதில் முதல் வாக்கியம் சரி, முடிவு சரியல்ல. ஜிபிஎல்லின் கீழ் இருக்கும் மென்பொருளை எவரும் எந்த விலைக்கும் விற்கலாம், ஆனால் வாங்கியவருக்கு மூல நிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனம் கேட்பது அந்தக் கடமையிலிருந்து விலக்கு. அந்த விலக்கை வழங்கக்கூடியவர் பதிப்புரிமை உடையவர் மட்டுமே. மூவரும் தங்கள் நிரலை உங்களுக்கு ஜிபிஎல்லின் கீழ் தந்தார்கள். அதே நிபந்தனையின் கீழ்தான் நீங்களும் அதை வைத்திருக்கிறீர்கள். அவர்களுடைய வரிகளைப் பொறுத்தவரை நீங்களும் தெருவில் போகும் எவரும் ஒன்றுதான். ஆகவே இன்றைய நிலையில் கையெழுத்திட வேண்டாம்.

ஒரே நிரலுக்குக் கட்டற்ற உரிமம், வணிக உரிமம் என்று இரட்டை உரிமம் வழங்கி வளர்ந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு விடயத்தில்தான் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய சுவீடன் நிறுவனம் 2000 இல் அதை ஜிபிஎல்லின் கீழ் கொண்டுவந்து, மூல நிரலை வெளியிட விரும்பாதவர்களுக்குத் தனி உரிமம் விற்றது. உரிமை முழுவதும் ஒரே கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த நிறுவனத்தை 2008 இல் சன் வாங்கியது. 2010 இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. பதிப்புரிமையும் கூடவே போனது. அதை முதலில் எழுதியவர்களுள் ஒருவரான மொன்டி விடேனியஸ் 2009 இல் அதே நிரலிலிருந்து மரியாடிபியைத் தொடங்கினார். ஜிபிஎல் அவருக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் தாம் எழுதி வளர்த்த அந்த வழங்கி நிரலுக்கே வணிக உரிமம் விற்க அவரால் முடியாது, ஏனெனில் அடிப்படை நிரலின் உரிமை ஆரக்கிளிடம் இருக்கிறது. தொடங்கியவர் என்ற தகுதி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, நிரலில் யார் எதை மாற்றினார் என்று குறித்து வைக்கும் கிட் பதிவேட்டை எடுத்து, இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு வரியும் யார் கையால் வந்தது என்று பட்டியலிடுவதாகும். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மின்னஞ்சலில் வந்த திருத்தத்தை நீங்களே உங்கள் பெயரில் ஏற்றியிருக்கலாம். பிறகு மூவருக்கும் எழுதுங்கள். உரிமையை முழுவதுமாக உங்களுக்கு மாற்றித் தரும்படி கேட்பது ஒரு வழி. உரிமை அவர்களிடமே இருக்க, எந்த நிபந்தனையிலும் மறு உரிமம் வழங்கும் அனுமதியை மட்டும் கேட்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஒருவருடைய உழைப்பை அவரிடமிருந்து பிரித்தெடுக்காமலே உங்கள் தேவை அதில் நிறைவேறிவிடுகிறது.

எதற்காகக் கேட்கிறீர்கள், எவ்வளவு பணம் வரும், அதில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்பதையும் அதே மடலில் வெளிப்படையாக எழுதுங்கள். பணம் வருவது பின்னர் தெரியவந்தால் மனம் புண்படும். அந்தப் புண் ஆறாது.

வெளி நிரலகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்ஃப்பஸ் பழைய எம்ஐடி வகை உரிமம், சிக்கல் இல்லை. ஃப்ரீடைப் தானே இரட்டை உரிமம் கொண்டது: அதன் சொந்த உரிமம் அல்லது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, எது வேண்டுமோ அதை நீங்கள் தெரிவு செய்யலாம். முதலாவதைத் தெரிவு செய்து, ஆவணத்தில் அதன் பெயரைக் குறிப்பிட்டால் போதும். நோட்டோ எழுத்துருக்களை மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், தனியே விற்கக் கூடாது. லிப்கியூஆர்என்கோட், ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல்லில் இருப்பதால் அதை மாறுநிலை இணைப்பாக (தனிக் கோப்பாக இருந்து ஓடும்போது மட்டும் சேரும்படி) வைத்து, வாங்குபவர் விரும்பினால் வேறு பதிப்பை மாற்றிப் போட இடம் விடுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட்தான் என்னை உறுத்துகிறது. அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

வெள்ளவத்தை நிரலாளர்

மிக்க நன்றி அண்ணா. நேற்று இரவே பதிவேட்டைப் பார்த்தோம். நீங்கள் எச்சரித்தது போலவே, எழுத்துப் பிழை திருத்தங்கள் இரண்டு என் பெயரில் ஏறியிருந்தன. அவற்றை நீக்கி நாங்களே மீண்டும் எழுதிவிட்டோம். கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை, பற்றுச்சீட்டின் பிடிஎஃப் முன்தோற்றத்தைக் காட்டுவதற்காக நிரலுக்குள்ளேயே இணைத்திருக்கிறோம். தனிச் செயலியாக அழைக்கவில்லை.

மருதானை வாசகர்

அப்படியானால் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை எடுத்துவிட்டு பாப்ளரைப் போடலாமே? அது எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது.

பம்பலப்பிட்டி அன்பர்

பாப்ளர் வேண்டாம். அது எக்ஸ்பிடிஎஃப் என்ற நிரலிலிருந்து பிரிந்து வந்தது, ஜிபிஎல்லில் இருக்கிறது. எக்ஸ்பிடிஎஃப்புக்கு அதன் உரிமையாளரிடம் வணிக உரிமம் வாங்கலாம். பாப்ளரில் பலருடைய கை கலந்துவிட்டதால் அதற்கு அப்படி வாங்க ஒருவரும் இல்லை. உங்கள் சிக்கலேதான் அங்கும் பெரிய அளவில் இருக்கிறது.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் 2013 முதல், ஜிபிஎல்லைவிட இறுக்கமான ஏஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, ஏஜிபிஎல் நிரலோடு இணைவதை அதன் 13 ஆவது பிரிவில் வெளிப்படையாக அனுமதிக்கிறது. அதனால்தான் இலவசப் பதிப்பில் மூன்று ஆண்டுகளாக உங்களுக்கு எந்த இடையூறும் தெரியவில்லை. வணிகப் பதிப்பில் அந்த அனுமதி இல்லை. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் உரிமையாளரான ஆர்ட்டிஃபெக்ஸ் நிறுவனமும் இரட்டை உரிமம் விற்றே வாழ்கிறது. தென் கொரியாவின் ஹன்கொம் நிறுவனம் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டைத் தன் அலுவலக மென்பொருளில் சேர்த்து, வணிக உரிமமும் வாங்காமல் மூல நிரலையும் வெளியிடாமல் இருந்ததாக ஆர்ட்டிஃபெக்ஸ் வழக்குத் தொடுத்தது. 2017 இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்பந்த மீறல் கோரிக்கையைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. வேறு வழியில் விற்கப்படும் உரிமத்தை ஒருவர் வாங்காமல் விடும்போது உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பு கணக்கிடக்கூடியது என்பது அங்கே முக்கியமானது. நாளை உங்கள் நிரலகத்தை ஒருவர் அப்படிப் பயன்படுத்தினால் இதே வாதம் உங்களுக்கும் உதவும்.

முன்தோற்றத்துக்கு பிடிஎஃப்பியம் போதும். கூகுள் 2014 இல் வெளியிட்ட அது தளர்வான உரிமம் கொண்டது. உண்மையில், உங்களிடம் வரி ஏற்கெனவே படமாக இருக்கிறதே. அந்தப் படத்தையே திரையில் காட்டினால் பிடிஎஃப் எதற்கு?

புதுக்கடை சட்டத்தரணி

வணக்கம். சட்டப் பகுதியில் ஒரு விடயத்தை எவரும் தொடவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கணினி நிரல் இலக்கியப் படைப்புகளோடு சேர்ந்து பாதுகாக்கப்படுகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் ஒருவர் தமது தொழிலின் போது ஆக்கிய படைப்பின் பொருளாதார உரிமைகள், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், தொழில்தருநருக்கே உரியவை. அச்சுப்பொறிப் பகுதியை எழுதிய உங்கள் நண்பர் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார் என்கிறீர்கள். அவர் அதை வீட்டில் இரவில் எழுதினாரா, அலுவலகக் கணினியில் எழுதினாரா, அவருடைய நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அவர் கையெழுத்து மட்டும் உங்களுக்குப் பாதுகாப்பு அளிக்காது. உரிமை அவருடையதாக இல்லாவிட்டால், அவர் எவ்வளவு நல்ல மனத்தோடு கையெழுத்திட்டாலும், தம்மிடம் இல்லாததை அவரால் தர முடியாது.

நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலமான உரிமைத் துறப்பு ஒன்றைப் பெறுவது மிகச் சிறந்தது. அது கிடைக்கத் தாமதமானால், அந்தப் பகுதியைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு, அச்சுப்பொறி உற்பத்தியாளரின் கையேட்டை மட்டும் வைத்துப் புதிதாக எழுதச் செய்யுங்கள். மற்ற இருவரின் அனுமதிகளையும் மின்னஞ்சலோடு விட்டுவிடாமல், இரு தரப்பினரும் கையொப்பமிட்ட பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் நிறுவனத்தின் வரைவில் "நிரல் முழுவதன் உரிமை" என்று இருப்பதையும் மாற்றச் சொல்லுங்கள். ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸ்ஸும் உங்களுடையவை அல்ல. உங்கள் பகுதி எது, வெளியாரின் பகுதி எது என்று அட்டவணை ஒன்றை இணைத்து, உங்கள் பகுதிக்கு மட்டும் உறுதி கூறுங்கள். அவர்களுக்குக் கிடைக்கும் உரிமம் அவர்களுக்கு மட்டுமே உரிய தனியுரிமம் அல்ல என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையேல் இலவசப் பதிப்பையே நிறுத்தச் சொல்லி ஒருநாள் கேட்பார்கள்.

வெள்ளவத்தை நிரலாளர்

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்வது என் கடமை.

ரொறொன்ரோ அன்பர் மறுநாளே பத்திரத்தில் கையொப்பமிட்டு அனுப்பினார். பேராதனை மாணவி ஒரு நிபந்தனை வைத்தார். தாம் சரிசெய்த சிங்கள எழுத்துகள் ஊர்க் கடைகளுக்கு என்றும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், நாங்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போனாலும் அது நிற்கக் கூடாது என்றார். அவர் கேட்டது முழுவதும் நியாயமானது. மென்பொருள்களின் திரைத் தோற்றத்தை அமைக்க உதவும் கியூட்டி நிரலகத்தை உருவாக்கிய ட்ரோல்டெக் நிறுவனம், அதைக் கொண்டு கணினித் திரைச் சூழலை எழுதும் கேடிஈ சமூகத்தோடு 1998 இல் செய்துகொண்ட உடன்பாட்டைப் படித்தோம். கட்டற்ற பதிப்பு வெளிவருவது 12 மாதங்களுக்கு நின்றால், அந்த நிரலைத் தளர்வான உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அவர்கள் சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு உண்டு. கியூட்டி பல கைகள் மாறியும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அதே பொருளில் ஒரு வாசகத்தை எங்கள் பத்திரத்திலும் சேர்த்தோம். வணிக உரிமத்தில் வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பங்களித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாகவும் எழுதினோம்.

மூன்றாமவரின் நிறுவனம் இன்னும் பதில் தரவில்லை. அவர் மீது எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை, அவரும் வருந்துகிறார். அந்தப் பகுதியை, எங்கள் களஞ்சியத்தைத் திறந்தே பாராத ஒரு தங்கை எப்சன் கட்டளைக் கையேட்டை மட்டும் வைத்து எழுதி முடித்திருக்கிறார். கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை முழுவதுமாக நீக்கிவிட்டோம். அண்ணா சொன்னபடி படத்தையே திரையில் காட்டுகிறோம், முன்னைவிட வேகமாகவும் இருக்கிறது. அட்டவணையோடு கூடிய புதிய வரைவை வாங்கும் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

புதிய பங்களிப்புகளை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். பங்களிப்பாளர் உடன்படிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வந்த பிறகே திறப்போம். தமிழ் வரைவு முடிந்துவிட்டது. சிங்கள வரைவைப் பேராதனை மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.