பச்சைச் சாயம் அலசியதும் மஞ்சளடிக்கிறது, சூடுதான் காரணமா?

தறிவீடு, மருதமுனை
அஸ்ஸலாமு அலைக்கும். உடுக்கிற சாரத்துக்குப் பருத்தி நூல் சாயம் போடுகிறோம். ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிமுறையில் இணைகிற வகை), 60 பாகைச் சூட்டுக்கு உரியது என்று கடையில் தந்தார்கள். டர்க்வாஸ் நீலமும் மஞ்சளும் கலந்து கிளிப்பச்சை எடுக்க வேண்டும். சட்டிக்குள் நிறம் நல்லாத்தான் இருக்கு. அலசினால் நூல் மஞ்சளடிக்கிறது. நூல் கட்டின் அடிப்பக்கம் கொஞ்சம் பச்சை, தடியில் தொங்கும் பக்கம் வெளிறல். லீற்றருக்கு உப்பு 60 கிராம், சாயத்தைப் பிடிக்க வைக்கிற சோடா ஆஷ் 20 கிராம். விறகடுப்பு, சூடு கைப்பதம்தான்.

கல்லடி
அலசின தண்ணீர் என்ன நிறம் தம்பி?

தறிவீடு
நீலம். எத்தனை தரம் மாற்றினாலும் நீலம் வடிகிறது.

காரைதீவு
நல்லாக் கொதிக்க விட்டுப் பாருங்க, எல்லாம் பிடிச்சிரும்.

கல்லடி
கொதிக்க விடாதீங்க. சோடா போட்ட பிறகு இந்தச் சாயம் நூலோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் சேரும். சூடு கூடக் கூடத் தண்ணீரோடு சேர்வது வேகமாகும். அப்படிச் சேர்ந்த சாயம் பிறகு நூலில் பிடிக்காது, அலசலில் போய்விடும்.

தம்பி, வடிகிற நீலம்தான் விடை. 60இல் மஞ்சள் பிடித்துவிட்டது, டர்க்வாஸ் பிடிக்கவில்லை. அதன் மூலக்கூறு பெரியது, பருத்திக்குள் மெதுவாகத்தான் நுழையும். 80 பாகை வேண்டும். அதுவும் கைப்பதம் என்கிறீர்கள். 60 பாகைத் தண்ணீரில் கை வைத்தால் வெந்துபோகும். கை பொறுக்கிறது என்றால் உங்கள் சட்டி 60ஐக்கூடத் தொடவில்லை. முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள், சாயத்தை விட மலிவு.

உப்போடு 80க்கு ஏற்றி, அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் நூலைப் புரட்டுங்கள். மறுகாத்தான் சோடா. அதையும் கரைத்து, பகுதி பகுதியாக விடுங்கள். அந்தச் சூட்டில் மஞ்சள் கொஞ்சம் வீணாகும், மாதிரி பார்த்து அதன் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்பக்க வெளிறல் சூட்டால் மட்டும் வந்ததல்ல. நூல் முழுக்க அமிழ வேண்டும், நூல் கட்டை அடிக்கடி சுழற்றிப் போட வேண்டும்.

தறிவீடு
ஓம் காக்கா, தடிக்கு மேலே நூல் வெளியேதான் நிற்கிறது. சட்டி அலுமினியம், அது பரவாயில்லையா?

கல்லடி
மாற்றுங்கள். சோடா அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் நல்லது.

காரைதீவு
அப்ப ஏற்கெனவே மஞ்சளான நூல்?

கல்லடி
வீச வேண்டாம். ஒட்டாத சாயம் போகச் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கொதிக்க வைத்து அலசுங்கள். நூலில் பிடித்த சாயத்துக்கு அந்தக் கொதி ஒன்றும் செய்யாது. பிறகு டர்க்வாஸை மட்டும் கரைத்து, உப்பு சோடாவோடு 80இல் மேல்சாயம் போடுங்கள். முதலில் ஒரு சின்னக் கட்டு. ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு பண்ணாதீங்க, காய்ந்தால் வெளுக்கும்.

தறிவீடு
சரி காக்கா. சட்டிக்கும் வெப்பமானிக்கும் கல்முனைக்குத்தான் போகணும். அதுவரை பச்சை ஓடரை நிறுத்தி, வெள்ளைச் சாரத்தைத் தறியில் ஏற்றுகிறோம்.