கழுத்துத் தேய்மானம்னு சொன்னாங்க, இப்போ கையும் நடையும் தடுமாறுது. எந்த டாக்டர்கிட்ட போறது?

முதுநகர்வாசி:
அப்பாவுக்கு 61 வயசு, தையல் வேலை. கடலூர் முதுநகர். ஒரு வருஷமா கழுத்து வலி. எக்ஸ்ரேல சி5-சி6 (கழுத்தோட 5வது, 6வது எலும்புக்கு நடுவுல) தேய்மானம்னு சொல்லி வலி மாத்திரை, காலர், கழுத்தை இழுத்து வைக்கிற ட்ராக்‌ஷன் கொடுத்தாங்க. வலி நல்லாவே குறைஞ்சிருச்சு. ஆனா இப்போ ஊசியில நூல் கோக்க முடியல, சட்டை பட்டன் போட நேரமாகுது, நடக்கும்போது தள்ளாடுறார். சுகர் இருக்கு, மெட்ஃபார்மின் எடுக்கிறார். "சுகர் நரம்பைத் தாக்கியிருக்கும்"னு சொல்றாங்க. எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா? பாண்டி போகணுமா?

தண்டுவடம்:
ட்ராக்‌ஷனை இன்னைக்கே நிறுத்துங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

வலி குறைஞ்சதை வச்சு நிம்மதி ஆகாதீங்க. கழுத்துல ரெண்டு விதமா அழுத்தம் வரும். பக்கவாட்டுல நரம்பு வேர் நசுங்கினா ஒரு கையில மட்டும் சுரீர்னு வலி இறங்கும்: சி6 வேர்னா கட்டைவிரல் பக்கம், சி7னா நடுவிரல். நடுவுல தண்டுவடமே நசுங்கினா வலி பெருசா இருக்காது. ரெண்டு கையும் சொதப்பும், கால் விறைக்கும், நடை தள்ளாடும். இதுக்கு செர்வைக்கல் மைலோபதின்னு பேர். நீங்க எழுதியிருக்கிறது ரெண்டாவது மாதிரி இருக்கு.

வீட்டுல பார்க்கக்கூடியது: கையை முழுசா மூடி, முழுசா விரிச்சு, 10 செகண்டுல எத்தனை தடவைன்னு எண்ணுங்க. 20ஐத் தொடணும். எண்ணிக்கையை விட, விரிக்கிறப்போ சுண்டுவிரல் மத்த விரலோட சேராம விலகி நிக்குதான்னு பாருங்க. அப்புறம் முன்னாடி வைக்கிற பாதத்தோட குதிகால், பின்னாடி இருக்கிற பாதத்தோட கட்டைவிரலைத் தொடுற மாதிரி நேர்கோட்டுல நடக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. தலை குனியும்போது முதுகு வழியா ஷாக் அடிச்ச மாதிரி இறங்குதான்னு வாயால கேட்டாப் போதும், குனிய வச்சு சோதிக்க வேண்டாம்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். இந்த வயசுல பெரும்பாலும் யாரை எடுத்தாலும் "தேய்மானம்"னு வரும். தண்டுவடத்தைப் பார்க்க கழுத்து எம்.ஆர்.ஐ. தான் வேணும்.

லேப்காரன்:
சுகரைப் பத்தி ஒண்ணு. சுகர் நரம்புக் கோளாறு பொதுவா பாதத்துல மரத்துப் போறதுல ஆரம்பிக்கும், டாக்டர் சுத்தியால தட்டினா முழங்கால், கணுக்கால் துள்ளல் குறையும். தண்டுவடம் நசுங்கினா துள்ளல் அதிகமாகும். ரெண்டும் சேர்ந்திருந்தா ஒண்ணை ஒண்ணு மறைச்சிரும், அங்கதான் பலருக்குத் தப்பு நடக்குது.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்குல எடுக்கிறவங்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைவும் கிட்டத்தட்ட இதே தள்ளாட்டம் கொடுக்கும். ஆனா பி12 ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை பண்ணிருங்க. போட்ட பிறகு பார்த்தா அளவு நல்லா இருக்கிற மாதிரிதான் காட்டும், உண்மை தெரியாது. தையல்காரர்னா மணிக்கட்டுல நரம்பு நசுங்கவும் வாய்ப்பு இருக்கு. அதைப் பிரிச்சறிய, நரம்புல சிக்னல் சரியாப் போகுதான்னு பார்க்கிற நரம்பு கடத்தல் சோதனை எழுதுவாங்க. ஆனா மணிக்கட்டு நசுக்கல் நடைத் தள்ளாட்டத்தை விளக்காது.

கோரிமேடு பஸ்:
கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலயே எலும்புப் பிரிவுல காட்டி எம்.ஆர்.ஐ.க்கு எழுதி வாங்குங்க. இல்லன்னா நேரா பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி. அங்க எலும்பு, நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சை மூணும் இருக்கு. ரெஃபர் கடிதம் இருந்தா சுத்தாம சரியான பிரிவுக்குப் போகலாம். "கடலூர் மருத்துவக் கல்லூரி"ன்னு யாராவது சொன்னா அது சிதம்பரத்துல இருக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்துல தேடாதீங்க.

சீட்டு போடுற இடத்துலயும் டாக்டர்கிட்டயும் "கழுத்து வலி"ன்னு ஆரம்பிக்காதீங்க, மாத்திரையோட அனுப்பிருவாங்க. "ரெண்டு கையும் நுணுக்க வேலைக்கு வரல, நடை தள்ளாடுது, மூணு மாசத்துல கூடியிருக்கு"ன்னு முதல்ல சொல்லுங்க (எத்தனை மாசமோ அதைச் சரியாச் சொல்லுங்க). ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. படமோ அது பதிஞ்ச சிடி தட்டோ கையில இருக்கணும்.

பஸ்ல கடைசி சீட் வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் கழுத்துல அடிக்கும். பைக்ல பின்னாடி உட்கார வைக்கிறதும் வேண்டாம்.

முதுநகர்வாசி:
ரொம்ப நன்றிங்க. எண்ணிப் பார்த்தோம், 13 தான் வருது. சுண்டுவிரலும் விலகுது. பக்கத்துல சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட ஒரு தடவை காட்டச் சொல்றாங்க. ஆபரேஷன்னா கை பழையபடி வருமா?

தண்டுவடம்:
சுளுக்கு எடுக்கிறது, சலூன்ல கழுத்து முறிக்கிறது ரெண்டும் கூடவே கூடாது. ஏற்கெனவே இடம் இல்லாத குழாய்ல தண்டுவடம் மாட்டிக்கிட்டு இருக்கலாம். கழுத்தைத் திருகினா கழுத்து ரத்தக்குழாய் கிழியுற ஆபத்தும் இருக்கு.

ஆபரேஷனோட முதல் நோக்கம் மேல மோசமாகாம நிறுத்துறது. ஓரளவு திரும்பி வரும், எவ்வளவுன்னு முன்கூட்டியே யாரும் உறுதி சொல்ல முடியாது. தாமதமாக ஆகக் குறையும். கை, கால், உணர்ச்சி, சிறுநீர் நாலையும் சேர்த்து 18க்கு மார்க் போடுவாங்க. 15 முதல் 17 வரைன்னா கண்காணிச்சுப் பார்க்கவும் செய்வாங்க, 14ம் அதுக்குக் கீழயும்னா ஆபரேஷன்தான் சொல்வாங்க. ஒண்ணு ரெண்டு இடம்னா பெரும்பாலும் முன்கழுத்து வழியா டிஸ்க்கை எடுத்து எலும்பை இணைப்பாங்க. பல இடத்துல நசுங்கியிருந்தா, இல்ல பின்பக்கத் தசைநார் எலும்பா மாறியிருந்தா, பின்பக்கமா போய் இடம் விரிப்பாங்க. அந்த மாற்றம் சி.டி. ஸ்கேன்லதான் தெளிவாத் தெரியும், அதனால எம்.ஆர்.ஐ.க்கு மேல சி.டி. ஸ்கேனும் கேட்டா வீண் செலவுன்னு நினைக்காதீங்க.

அதுவரைக்கும் பாத்ரூம்ல ரப்பர் பாய் போட்டு, பிடிக்க கம்பி வைங்க. இந்த நிலையில சின்ன சறுக்கல் கூட ரெண்டு கையையும் ஒரேயடியா செயலிழக்க வைக்கலாம். சிறுநீர் அடைச்சாலோ, தெரியாமப் போனாலோ, கால் திடீர்னு பலமிழந்தாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காம அவசரப் பிரிவுக்கே போங்க, ராத்திரியானாலும் சரி.