பெண்கள் தலைமைக்கு வந்தால் ஊழல் குறையும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டா?

கேள்வி: முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். பொது நிர்வாகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளரும் நாடுகளின் உள்ளாட்சிகளில் பெண் தலைமைக்கும் ஊழலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். டேவிட் டாலர், ரேமண்ட் ஃபிஸ்மன், ராபர்ட்டா காட்டி ஆகிய மூவரும் உலக வங்கிக்காக 1999இல் எழுதிய கட்டுரையைத்தான் முதலில் படித்தேன். நாடாளுமன்றத்தில் பெண்கள் அதிகமாக இருக்கும் நாடுகளில் ஊழல் குறைவாக இருப்பதாக அதில் காட்டியிருக்கிறார்கள். 2001இல் ஆனந்த் சாமியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. கையூட்டை நியாயப்படுத்துவோர் ஆண்களைவிடப் பெண்களில் குறைவு என்பதைக் கருத்துக்கணிப்புத் தரவுகளைக் கொண்டு அவர்கள் நிறுவுகிறார்கள்.

ஆனால் என் தாய்வழி ஊரில் நான் பார்ப்பது வேறாக இருக்கிறது. தலைவர் பெண்; ஊராட்சி அலுவலக நாற்காலியில் அமர்ந்து வருவோருக்குப் பதில் சொல்பவர் அவருடைய கணவர். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? "பெண் தலைமை ஊழலைக் குறைக்கிறது" என்ற கருதுகோளோடு களத்துக்குப் போவது சரியாக இருக்குமா?

பதில் 1: பல்கலைக்கழக ஆய்வாளர்

தங்கை, அந்தக் கருதுகோளோடு போக வேண்டாம் என்பதே என் கருத்து. நாடுகளை வரிசையாக வைத்து ஒப்பிடும் ஆய்வுகளில், எது காரணம் எது விளைவு என்பதைப் பிரித்தறிவது மிகக் கடினம். சட்டத்தின் ஆட்சி வேரூன்றி, பத்திரிகைகள் அச்சமின்றி எழுதும் நாட்டில் ஊழலும் குறைவாக இருக்கும். பெண்கள் தேர்தலில் நின்று வெல்லும் வாய்ப்பும் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒரே மண்ணில் விளைபவை. ஹுங்-என் சுங் 2003இல் செய்தது இந்தச் சோதனைதான். சட்டத்தின் ஆட்சி, பத்திரிகைச் சுதந்திரம், தேர்தல் முறை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தவுடன் பெண் உறுப்பினர் விகிதத்தின் விளைவு மங்கிவிட்டது. மிக வலுவாக நின்றது பத்திரிகைச் சுதந்திரம்.

மெல்போர்ன், டெல்லி, ஜகார்த்தா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நகரங்களில் விவி அலாட்டாஸும் மற்றவர்களும் நடத்திய சோதனை விளையாட்டையும் பாருங்கள். ஒருவர் கையூட்டுக் கொடுக்கக்கூடிய நிறுவனத்தார், ஒருவர் அதை வாங்கக்கூடிய அதிகாரி, மூன்றாமவர் அதனால் பாதிக்கப்படும் குடிமகன். தன் கைப்பணத்தை இழந்தாவது அந்த இருவரையும் தண்டிக்கலாமா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெண்கள் ஊழலைச் சகித்துக்கொள்வது ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. மற்ற மூன்று நாடுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பெண்ணுக்கு இயல்பிலேயே நேர்மை கூடுதல் என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆன் மேரி கெட்ஸ் 2007இல் வைத்த வாதம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தமும் கமிஷனும் பேசி முடிக்கப்படும் ஆண்களின் வட்டங்களுக்குள் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே பல இடங்களில் குறைவாக இருப்பது ஊழலுக்கான வாய்ப்புதான் என்கிறார் அவர். பெருவின் லிமா நகரில் 1998இல், பெண்கள் கையூட்டு வாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போக்குவரத்துக் காவல் பணி பெண் காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது போன்ற முயற்சிகளை நான் இந்த வாதத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். பெண்ணுக்குப் பதவி அவளுடைய உரிமையாகத் தரப்பட வேண்டும். அழுக்கைத் துடைப்பாள் என்பதற்காகத் தந்தால், ஒரு பெண் அதிகாரி தவறு செய்யும் நாளில் எல்லாப் பெண்களின் இடமும் கேள்விக்குள்ளாகும்.

இந்தியாவில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்கம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் எந்த ஊராட்சி ஒதுக்கப்படும் என்பது ஊரின் தன்மையைப் பொறுத்து முடிவாவதில்லை. அதனால் ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிகிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் ஆகிய இரு மாவட்டங்களில் 265 ஊராட்சிகளை ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். பெண் தலைவர்கள் இருந்த இடங்களில், இரு மாவட்டங்களிலுமே குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது. சாலையில் மட்டும் போக்கு மாறியது. பெண்களும் சாலை கேட்ட பீர்பூமில் சாலைப்பணி கூடியது. ஆண்களே அதைப் பெரிதும் கேட்ட உதய்ப்பூரில் குறைந்தது.

அதே ஆண்டில் டுஃப்லோவும் பெட்டியா டோபலோவாவும் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பொதுவசதிகள் கூடுதலாக இருந்தன; தரமும் குறையவில்லை; கையூட்டுக் கொடுத்ததாகச் சொன்னவர்களும் குறைவு. இருந்தும், அந்த ஊர்மக்கள் தங்கள் தலைவரின் பணியில் நிறைவு கொண்டிருந்தது மற்ற ஊர்களைவிடக் குறைவாகவே இருந்தது. மக்கள் மனத்தில் உள்ள மதிப்பீட்டையே ஊழலின் அளவுகோலாக வைத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற உள்ளாட்சித் தணிக்கையாளர்

மேலே எழுதியிருக்கும் ஆய்வாளரின் கருத்தோடு உடன்படுகிறேன். அதனுடன் ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கை (ஊர்மக்களின் பங்கேற்போடு கணக்கைச் சரிபார்ப்பது) அறிக்கைகளை வைத்து ஃபர்சானா அஃப்ரிடி, வெகார்ட் ஐவர்சன், எம்.ஆர். சரண் ஆகியோர் செய்த ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2017இல் வெளிவந்தது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தொடக்கத்தில் முறைகேடுகள் கூடுதலாகவே இருந்தன. அனுபவம் கூடக் கூட அந்த இடைவெளி மறைந்தது. அனுபவமில்லாத தலைவர் கீழ்நிலை அலுவலர்களின் பிடிக்குள் எளிதாக விழுந்துவிடுகிறார் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓர் ஊராட்சியில் தணிக்கைக்குப் போனபோது, முதல் ஆண்டுச் செலவுச் சீட்டுகள் எல்லாவற்றிலும் தலைவரின் கையெழுத்து ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தது. கேட்டால், வெற்றுப் படிவங்களில் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள் என்று அந்த அம்மா மறைக்காமல் சொன்னார். அடுத்து போனபோது, எண்பது பக்க நோட்டு ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒரே ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு நான்கு மாதங்களில் மூன்று முறை காயில் கட்டியதாகப் பில் வந்திருந்தது. மூன்றாவது பில்லில் கையெழுத்துப் போடாமல், "கழற்றிய பழைய செம்புக் கம்பியை எடை போட்டு என் முன்னால் வையுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கம்பி வரவில்லை, பில்லையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இதை அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பில் கற்றுத்தரவில்லை. அவருடைய சகோதரர் மோட்டார் பட்டறையில் வேலை செய்தவராம்.

ஆய்வேட்டுக்கு இதில் ஒரு பொருள் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் கிடைத்தது. அதன்படி ஊரகத் தேர்தல் முதன்முதலில் நடந்தது 2019 டிசம்பரில். முதல் ஆண்டுச் சீட்டுகளையும் நான்காம் ஆண்டுச் சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி இருப்பதால், யாருடைய கையெழுத்துக்காக எத்தனை நாள் பணம் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைவர் பட்டியலினப் பெண்ணாக இருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கு வேறொரு கதையைச் சொல்லும்.

பதில் 3: பெண்கள் குழு ஒருங்கிணைப்பாளர்

நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாற்காலிக்கு எதிரே நிற்கும் பெண்ணையும் ஆய்வில் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரசவ வார்டு, குடும்ப அட்டை, ஆதரவற்ற விதவைக்கான உதவித்தொகை என அரசின் வாசலில் அதிகம் நிற்பவர்கள் பெண்கள். அவர்களிடம் கேட்கப்படும் விலை எல்லா நேரமும் பணமாக இருப்பதில்லை. அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலியல் இணக்கத்தைக் கோருவதைத் தனியொரு ஊழலாகப் பெயரிட்டு முன்வைத்தது சர்வதேசப் பெண் நீதிபதிகள் சங்கம். ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2019இல் லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் தமக்கோ தமக்குத் தெரிந்தவருக்கோ இது நேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

நம் நாட்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கையூட்டு என்பது பணமாகவோ பணத்தால் மதிப்பிடக்கூடியதாகவோதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் கையூட்டுக் கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. கட்டாயப்படுத்தப்பட்டவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் அவருக்கு விலக்கு. இப்படிப்பட்ட கோரிக்கைக்கு ஆளான ஒரு பெண், வீட்டிலேயே சொல்லத் துணியாத ஒன்றை, ஏழு நாட்களுக்குள் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வாள்? எங்கள் குழுவில் ஓர் அக்கா, உதவித்தொகை விண்ணப்பத்துக்காக மூன்று முறை நடந்துவிட்டு, நான்காம் முறை போகவே மறுத்துவிட்டார். காரணத்தை எங்களிடம் சொல்ல அவருக்கு ஓராண்டு ஆயிற்று. அந்த விண்ணப்பம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஊழலாகப் பதிவாகியிருக்காது. "விண்ணப்பதாரர் வரவில்லை" என்றே முடிந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருதுகோளை மாற்றுகிறேன். ஒரே ஒன்றியத்தில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தலைவரின் அனுபவ ஆண்டுகளுக்கும் தணிக்கைத் தடைகளின் (தணிக்கையில் எழுப்பப்படும் ஆட்சேபங்களின்) எண்ணிக்கைக்கும் உள்ள உறவைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கணவர் அருகில் இருக்கும்போது தலைவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் இப்போது என் முன்னிருக்கும் சிக்கல். வெளியே போகச் சொன்னால் பேட்டியே நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற உள்ளாட்சித் தணிக்கையாளர்

வெளியே போகச் சொல்ல வேண்டாம், அம்மா. முதல் நாள் இருவரிடமும் பேசுங்கள். கணவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான். மறுநாள் காலையில், தலைவரோடு குடிநீர்த் தொட்டி வரை நடந்து போய்ப் பாருங்கள். நான் பார்த்தவரை, கணவர்கள் அலுவலகத்துக்குத் தவறாமல் வருவார்கள். தொட்டிக்கு வருவது அரிது. மோட்டார் எப்போது ஓடும், சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது பழுதானது என்று கேளுங்கள். அதன்பின் அந்த மாதத்துச் செலவுச் சீட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.