வடக்கன்குளம் கோயிலின் நடுச்சுவர்

தம்பி: மறைக்கல்வி வகுப்பில் பழைய பங்குக் கோயில் ஒன்றின் வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் எடுத்திருக்கிறேன். என்னவெல்லாம் சேர்க்கலாம்?

சித்தி: 1745 மே 14. முதலில் அதைப் போடு. நீலகண்ட பிள்ளை அங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். கொடுத்தவர் இயேசு சபை புத்தாரி சாமி.

தம்பி: திருவிதாங்கூர் அரண்மனை ஆள் ஏன் இங்கே வந்தார்?

சித்தி: அங்கே வைத்துச் செய்தால் சும்மா விடுவார்களா? எல்லையில் இருக்கிற ஆரல்வாய்மொழி தாண்டினால் வேறு சீமை. டிலனாய்தான் அனுப்பிவைத்தார். 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படை நடத்தின டச்சுக்காரர்.

பெரியப்பா: எல்லாம் சரி, கோயில் கட்டடம் எங்கே? 1872-இல் கட்டியதைச் சொல்லு. பீடம் ஒன்று, மக்கள் நிற்கிற மண்டபம் இரண்டு. பீடத்திலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து போகும்.

தம்பி: அவ்வளவு கூட்டமா?

பெரியப்பா: கூட்டம் இல்லடா, சாதி. ஒரு பக்கம் வேளாளர், மறு பக்கம் நாடாரும் மற்றவர்களும். நடுவில் சுவர். பூசை வைக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்து ஆள் தெரியக் கூடாது.

நாகர்கோவில் அத்தை: அண்ணே, சின்னப் பையன் எழுதுகிறதில் இதெல்லாம் எதுக்கு?

பெரியப்பா: வேற யார் எழுதுவா? தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினவர். 2022-இல் புனிதர் பட்டம் கொடுக்கும்போது பேருக்குப் பின்னால் இருந்த 'பிள்ளை'யையே ரோம் எடுத்துவிட்டது. அவர் ஞானஸ்நானம் வாங்கின ஊரில், 127 வருசம் கழித்து, சாதிக்கு ஒரு மண்டபம் கட்டியிருக்கிறோம்!

சித்தி: கட்டினது சாமியார்மார்தானே அத்தான்?

பெரியப்பா: ஆமா. ரெண்டு தரப்பையும் கைவிடாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சண்டை தீரவும் இல்லை. 1910-இல் கௌசானல் சாமி காலத்தில் சுவரை இடித்தார்கள்.

தம்பி: எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?

பெரியப்பா: எங்கே! திரும்பச் சுவர் வேணும் என்று ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயும் தோற்றார்கள். கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை கிடையாது.

நாகர்கோவில் அத்தை: இந்தக் கோர்ட் விஷயம் எனக்கே தெரியாது. சரி, எழுதட்டும். இடித்ததையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.

தம்பி: அத்தை, மொத்தமே ரெண்டு பக்கம்தான். சுவருக்கே ஒன்றரைப் பக்கம் போய்விடும்.

நாகர்கோவில் அத்தை: டிலனாயைக் குறைத்துக்கோ.