‘நம்மட வீடு’ குழுவில்: மாமாவின் கச்சானும் அழுக்கணவனும்

வாகரை மாமா: பிள்ளைகள், படத்தைப் பாருங்க. கச்சான் (நிலக்கடலை) போட்டு 25 நாள். கொழுந்தெல்லாம் கறுப்பாக அப்பிக் கிடக்குது, இலையும் சுருளுது.

மாமி: எறும்பு வரிசையாக ஏறுது என்று முந்தாநாளே சொன்னேன். ஆர் கேட்ட?

கிரான் அண்ணன்: அழுக்கணவன்தான் மாமா, சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி. அது கழிக்கிற இனிப்புத் தண்ணிக்குத்தான் எறும்பு வருது. என்ன இனம் போட்டீங்க?

வாகரை மாமா: இந்தி என்றுதான் தந்தார் கடைக்காரர். பூச்சி தாங்கும் என்று சொல்லிக் கிலோவுக்குக் கூடவும் வாங்கினார்.

தங்கச்சி (வந்தாறுமூலை): எந்தப் பூச்சி என்று கேட்டீங்களா மாமா? 🙂 புழுவைத் தாங்குகிற இனம் அழுக்கணவனைத் தாங்கும் என்றில்லை.

வாகரை மாமா: அப்ப இதைத் தாங்குகிற கச்சானே இல்லையா மகள்?

தங்கச்சி: இருக்கு. ஐசிஜி 12991 என்று ஒன்று, தென்னிந்தியாவிலிருந்து போனது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ‘பாக்கா’ என்ற பெயரில் கொடுத்தார்கள். அங்கே ரோசெட் என்று ஒரு வைரஸ் நோய். சின்னதில் பிடித்தால் செடி கட்டையாகி, காய் இல்லாமலே போகும். பரப்புவது இதே அழுக்கணவன்.

கிரான் அண்ணன்: ஐயோ, நமக்கும் வருமா?

தங்கச்சி: இல்லை அண்ணா, அது ஆப்பிரிக்காப் பக்கத்தோடு சரி. அந்த இனம் வைரஸைத் தடுக்கிறதும் இல்லை. அழுக்கணவன் ஊசி வாயை இறக்கினாலும் சாறு ஓடுகிற குழாயில் ஆறுதலாக உறிஞ்ச ஏலாது. வயிறு நிறையாவிட்டால் குட்டி போடுவதும் குறையும், நோயும் அவ்வளவாகப் பரவாது.

மாமி: இலையைப் போட்டுச் சோறு வைக்காத கலியாண வீடு மாதிரி 😄

வாகரை மாமா: அந்த விதையை எடுப்பிக்க ஏலாதா?

தங்கச்சி: இங்கே கடையில் கிடைக்கிற சாமான் இல்லை மாமா. கிடைத்தாலும் முழுக்க நம்பக் கூடாது, அந்தக் குணம் ஒரே ஒரு மரபணுவில் நிற்குது. அமெரிக்காவில் 2000இல் சோயாவுக்கு அழுக்கணவன் வந்தது. அதைத் தாங்குகிற ராக்1 என்ற மரபணுவைத் தேடிப் பிடித்தார்கள். அந்த விதை சந்தைக்கு வருமுன்னரே, அதிலும் இருந்து பெருகுகிற அழுக்கணவனை ஒகையோவில் கண்டுவிட்டார்கள்.

கிரான் அண்ணன்: கெட்டிக்காரப் பூச்சி.

தங்கச்சி: மாமா, யூரியா எறிஞ்சீங்களா?

வாகரை மாமா: வயலுக்குப் போட்ட மிச்சம் கொஞ்சம்.

மாமி: கொஞ்சமாம்! அரை மூட்டை.

தங்கச்சி: அதுதான் கொழுந்து இப்படித் தளதளவென்று இருக்கு. கச்சான் வேரில் இருக்கிற நுண்ணுயிரே காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுக்கும். அடுத்த போகம் யூரியாவைக் குறைத்து, விதையை நெருக்கிப் போடுங்க. வெறும் மண்ணுக்கு நடுவில் தெரிகிற பச்சையைப் பார்த்துத்தான் அழுக்கணவன் பறந்து வந்து இறங்கும்.

வாகரை மாமா: அது அடுத்த போகம். இப்ப மருந்து எடுத்து வைத்திருக்கிறேன், அடிக்கவா?

தங்கச்சி: பொறுங்க! முதலில் விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுங்க. இரண்டாவது படத்தில் சிவப்பில் கறுப்புப் புள்ளி வண்டு இரண்டு இருக்கு. அதுவும் அதின் புழுவும் அழுக்கணவனைத்தான் தின்னும். மருந்தடித்தால் அதுதான் முதலில் சாகும்.

வாகரை மாமா: அதுவா? அதுதான் குட்டி போட்டது என்று காலையில் பத்துப் பன்னிரண்டை நசுக்கிப்போட்டேனே!

மாமி: 🤦