லிங்கனின் கைத்தடியும் ஒரு துண்டு துடைப்பக் கட்டையும்

சின்ன அருங்காட்சியகங்களில் உங்களை நகரவிடாமல் நிறுத்திய பொருள் எது? எல்லோரும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

போன அக்டோபரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில்லிலிருந்து கம்பர்லாண்ட் கணவாய் என்ற மலைவழியைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஹாரகேட் என்று ஒரு சிற்றூர். அங்கே லிங்கன் நினைவுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஆபிரகாம் லிங்கன் நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. மழை பிடித்துக்கொண்டதால்தான் உள்ளே போனோம். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தவள், மாலை வரை அங்கேயே இருந்தேன்.

உச்சியில் வெள்ளி பூட்டிய ஒரு கைத்தடி. 1865 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை இரவு, தான் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்குக்குப் போகும்போது அதிபர் லிங்கன் எடுத்துப்போன தடி அது. உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்பான தெற்கு மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. நாலு வருடச் சண்டை ஓயப்போகிற நிம்மதியில், மனைவியோடு ஒரு நகைச்சுவை நாடகம் பார்க்கக் கிளம்பிய மனிதர், வாசலில் கைக்கு வந்த தடியை எடுத்திருப்பார். என் அப்பாவும் அப்படித்தான், தடி இல்லாமல் வாசற்படி இறங்கமாட்டார். அவர் போனபிறகு அந்தத் தடி இன்னும் கதவு மூலையில்தான் சாய்ந்திருக்கிறது. அதனாலோ என்னவோ, கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது கண் கலங்கிவிட்டது. பக்கத்திலேயே ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டில் லிங்கன் குடும்பத்தார் புழங்கிய தேநீர்ப் பாத்திரங்களும் இருக்கின்றன.

டென்னசி அந்தப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்து லிங்கனுக்கு எதிராக நின்ற மாநிலம் ஆயிற்றே, அங்கே எப்படி லிங்கனுக்கு ஒரு கல்லூரி என்று எனக்கும் கேள்வி வந்தது. மாநிலம் பிரிந்தாலும் அதன் கிழக்கு மலைப்பகுதி பிரிய விரும்பவில்லை. 1861 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில், அங்கே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிரிவினைக்கு எதிராகவே வாக்களித்தார்கள். பெரும்பாலும் சின்ன நிலத்தை வைத்துத் தாங்களே உழுது பிழைத்த ஜனங்கள். அதற்காகப் பட்ட பாடும் கொஞ்சமல்ல. இந்த மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று போர்க்காலத்திலேயே லிங்கன் சொன்னதாக ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். போரில் வலது கையை இழந்தவர் அவர். 1897இல், லிங்கனின் பிறந்தநாளான பிப்ரவரி 12 அன்று இந்தக் கல்லூரி சட்டப்படி தொடங்கியதற்கு அவர் முக்கியக் காரணம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தபோது அந்தத் தடி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு மேரிலாண்டில் சில்வர் ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. அங்கே இருப்பது தேசிய உடல்நல மருத்துவ அருங்காட்சியகம். 1862இல், போருக்கு நடுவே, ராணுவ மருத்துவர்கள் கற்றுக்கொள்வதற்காகத் தொடங்கியது. கட்டணம் கிடையாது. மனசு இளகியவர்கள் கொஞ்சம் யோசித்துப் போங்கள்.

லிங்கன் உயிரைப் பறித்த ஈயக் குண்டு அங்கேதான் இருக்கிறது. கூடவே மண்டையோட்டுச் சில்லுகளும், குண்டைத் தேட உள்ளே விட்ட கம்பியும். பிணப்பரிசோதனை செய்த மருத்துவர்களில் ஒருவரான எட்வர்டு கர்ட்டிஸ், மூளையை வெளியே எடுக்கும்போது அந்தக் குண்டு தன் விரலிடுக்கு வழியாக நழுவி, கீழே இருந்த காலிக் கிண்ணத்தில் 'டங்'கென்று விழுந்ததை எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு அமைதியான அறையில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்! பார்வைக்கு நசுங்கிய ஒரு சிறு உலோகத் துண்டு, அவ்வளவுதான். அன்று வேறு எதையும் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸின் கால் எலும்பை இன்னொரு முறை போனபோதுதான் நின்று பார்த்தேன். அதே போரில், கெட்டிஸ்பர்க் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுச் சிதைந்த கால். வெட்டி எடுத்த காலை அவரே அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அப்புறம் கால் போன அந்த நாள் ஆண்டுதோறும் வரும்போது அதைப் பார்க்கவும் வந்துபோவாராம். நடுக்காலில் எலும்பு சில்லுசில்லாக உடைந்திருப்பது நன்றாகவே தெரிகிறது. கெட்டிஸ்பர்க்கைப் பற்றிப் படித்ததை எல்லாம் விட இந்த எலும்புதான் எனக்குப் போர் என்றால் என்ன என்று காட்டியது.

* * *

நான் சொல்லப்போவது அசல் பொருள்கூட இல்லை, வார்ப்பு. இருந்தாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இல்லினாய்ஸில் ஒரு சின்னக் காட்சிக்கூடத்தில் லிங்கனின் இரண்டு கைகளையும் பித்தளை நிறத்தில் வார்த்து வைத்திருந்தார்கள். லியோனார்டு வோல்க் என்ற சிற்பி 1860 மே மாதம், லிங்கன் அதிபர் வேட்பாளரான ஓரிரு நாளில், அவர் வீட்டுக்கே போய் எடுத்த அச்சின் படிகள். ஆளுக்கு ஆள் வந்து கைகுலுக்கியதில் வலது கை வீங்கிப்போயிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வீக்கம் அப்படியே தெரிகிறது. இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு, மரம் பிளந்த காலத்தில் கோடாரி பட்டது.

வலது கை ஒரு கட்டையைப் பிடித்திருக்கிறது. கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று வோல்க் கேட்டாராம். லிங்கன் கொட்டகைக்குப் போய்த் துடைப்பக் கட்டையில் ஒரு துண்டை அறுத்து வந்து, கத்தியால் அதன் முனையைச் செதுக்க ஆரம்பித்திருக்கிறார். இவ்வளவு நேர்த்தி தேவையில்லை என்று சிற்பி தடுத்தும், நன்றாக இருக்கட்டுமே என்று செதுக்கினாராம். வோல்க்கே எழுதிவைத்த சம்பவம் இது.

அந்த வார்ப்பைத் தொட்டுப் பார்க்க அங்கே அனுமதி உண்டு. என் எட்டு வயது மகள் வீங்கிய விரல்கள்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டையின் முனையைத் தடவிவிட்டு, "ஒழுங்காத்தான் செதுக்கியிருக்காருப்பா" என்றாள்.